நரம்பை எடுத்த பல் ஏன் வலித்தது? ரூட் கேனாலுக்குப் பிறகு நான் பட்ட பாடு

எனக்கு இடது பக்க மேல் கடைவாய்ப்பல்லில் ரூட் கேனால், அதாவது பல்லுக்குள் இருக்கும் நரம்பை எடுத்துவிட்டு வேரை அடைக்கும் சிகிச்சை, செய்தது போன வருடம் முழுஆண்டுத் தேர்வு லீவில். வலி விட்டது தீபாவளி கழிந்த பிறகு. நடுவில் கிட்டத்தட்ட 25,000 ரூபாய் செலவு, தூக்கம் கெட்ட ராத்திரிகள், பள்ளிக்கூடத்தில் இருந்த கேஷுவல் லீவு மொத்தமும் காலி. வீட்டுக்காரர் மஸ்கட்டில், பையன் காலேஜ் ஹாஸ்டலில். கரூரில் வீட்டில் நான் ஒருத்திதான். ராத்திரி இரண்டு மணிக்குக் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது இதெல்லாம் இப்படித்தான் இருக்கும், இதற்குமேல் போனால் இன்னாரைப் பார் என்று யாராவது சொல்லியிருந்தால் தேவலை என்று இருந்தது. அதனால்தான் எழுதுகிறேன். நான் டாக்டர் இல்லை, நாலாம் வகுப்பு டீச்சர். மருத்துவச் சங்கதியாக இதில் இருப்பதெல்லாம் டாக்டர்களிடம் நச்சரித்துக் கேட்டுத் தெரிந்துகொண்டவை.

முதல் சிகிச்சை உள்ளூரிலேயே நடந்தது. பழைய சிமெண்ட் அடைத்த பல், அடியில் சொத்தை ஓடியிருந்தது. சூடாகக் காபி குடித்தால் பல்லில் ஆரம்பித்துக் காதுவரை இழுக்கும். டாக்டர் எக்ஸ்ரே பார்த்துவிட்டு இரண்டு சிட்டிங்கில் முடித்துவிடலாம் என்றார். ரூட் கேனாலுக்கு 4,500, பல்லுக்கு மேல் மாட்டும் உறையான கேப்புக்கு 7,000. ஊசி போட்டார், வேலை நடந்தபோது ஒன்றும் தெரியவில்லை. சாயங்காலம் மரப்பு விட்டதும் ஆரம்பித்தது வலி. பழைய வலி மாதிரி இல்லை. நாக்கு பட்டால்கூட பல் ஒரு நூல் உயர்ந்து நிற்பதுபோல, மேலும் கீழும் பல் சேர்ந்தால் மண்டையில் அடிப்பதுபோல இருந்தது. போன் செய்தேன். “நரம்பை எடுத்தாச்சு டீச்சர், இனி அது வலிக்காது, சும்மா இருங்க” என்றார்.

அந்த ஒரு பதில்தான் என்னைப் பல வாரம் வாயடைக்க வைத்தது. நரம்பே இல்லாத பல் வலிக்கிறது என்று சொன்னால் பைத்தியம் என்று நினைப்பார்களோ என்று கூச்சம். பிறகுதான் விஷயம் தெரிந்தது. எடுப்பது பல்லுக்குள் இருக்கும் நரம்பை மட்டும்தான். வேரையும் தாடை எலும்பையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டிருக்கும் மெல்லிய நார்ச்சவ்வு ஒன்று வெளியே இருக்கிறது, அதற்கும் எலும்புக்கும் தனி நரம்பு உண்டு. உள்ளே கம்பி போட்டுச் சுரண்டி, மருந்து விட்டுக் கழுவும்போது வேர் நுனிக்கு வெளியே அந்த இடம் புண்ணாகிறது. அதனால் ரூட் கேனால் முடிந்து சில நாள், சிலருக்கு ஒரு வாரம் பத்து நாள்கூட, கடித்தால் வலிப்பது இயல்புதான். நீங்கள் பார்க்க வேண்டியது வலி இருக்கிறதா என்பதைவிட, இறங்குகிறதா என்பதை. முதல் இரண்டு மூன்று நாளுக்குப் பிறகு ஒவ்வொரு நாளும் கொஞ்சமாவது குறைந்துகொண்டே வந்தால் பொறுத்திருக்கலாம். ஒரே மட்டத்தில் நின்றாலோ, குறைந்து திரும்ப ஏறினாலோ டாக்டர் முன்னால் போய் உட்கார வேண்டியதுதான்.

மாத்திரை விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் இதில்தான் நம் ஊரில் நிறையப் பேர் மாட்டிக்கொள்கிறோம். பல்வலிக்குப் பொதுவாக நன்றாகக் கேட்பது இபுப்ரோஃபென். அதோடு பாரசிட்டமால் சேர்த்தால் தனித்தனியாகப் போடுவதைவிட நன்றாகவே அடங்குகிறது. சாப்பிட்ட பிறகுதான் போட வேண்டும். மரப்பு விட்டு வலி உச்சத்துக்குப் போனபின் போடுவதைவிட, மரப்பு இருக்கும்போதே முதல் மாத்திரையைப் போட்டுவிட்டால் அந்த ராத்திரியைத் தள்ளிவிடலாம் என்று பின்னால் நான் போய்ப் பார்த்த திருச்சி டாக்டர் சொன்னார், அது உண்மை. ஆனால் காம்பிஃப்ளாம் என்று மெடிக்கல் ஷாப்பில் தருவதிலேயே 400 மில்லிகிராம் இபுப்ரோஃபெனும் 325 பாரசிட்டமாலும் இருக்கிறது. அதைப் போட்டுக்கொண்டு, கேட்கவில்லை என்று டோலோ 650-யும் போட்டால் பாரசிட்டமால் இரண்டு வழியில் உள்ளே போகிறது. ஒரு நாளைக்கு 4 கிராமைத் தாண்டினால் ஈரலுக்கு ஆபத்து. நாள்கணக்கில் போடுகிறவர்கள் 3 கிராமுக்குள் நிறுத்திக்கொள்வது நல்லது என்றார் டாக்டர். அட்டையின் பின்பக்கத்தைப் படித்து, எந்த நேரத்தில் எது போட்டோம் என்று ஒரு தாளில் எழுதி வையுங்கள். அல்சர், கிட்னி கோளாறு, ஆஸ்துமா உள்ளவர்கள், ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள், கர்ப்பிணிகள் யாரும் இபுப்ரோஃபெனைக் கடையில் கேட்டு வாங்கிப் போடக் கூடாது. எனக்கு ஒரு கோளாறும் இல்லாமலே இரண்டு வாரத்தில் நெஞ்செரிச்சல் வந்துவிட்டது.

ஆன்டிபயாடிக்கும் அப்படித்தான். எனக்கு இரண்டு தடவை ஐந்து நாள் கோர்ஸ் எழுதிக் கொடுத்தார்கள். வயிறு கெட்டதுதான் மிச்சம். வீக்கமும் இல்லை, காய்ச்சலும் இல்லை என்றால் வெறும் வலிக்கு ஆன்டிபயாடிக் உதவாது. வேருக்குள் கிருமி இருந்தால்கூட அங்கே ரத்த ஓட்டம் கிடையாது, மருந்து போய்ச் சேர வழியே இல்லை. கிராம்புத் தைலத்தைப் பற்றியும் கேட்பீர்கள். அம்மா போனில் சொன்னார்கள் என்று பஞ்சில் தொட்டு வைத்தேன். ஈறு வெந்து தோல் உரிந்ததே தவிர வேர் நுனியில் இருக்கும் வலிக்கு அது எட்டவே இல்லை. வெதுவெதுப்பான உப்புத் தண்ணீர் கொப்பளிப்பதில் கெடுதல் ஏதுமில்லை. படுத்தால் விண் விண்ணென்று தெறிப்பது எனக்கு அதிகம், இரண்டு தலையணை வைத்துச் சாய்ந்து படுத்தபோது கொஞ்சம் கண்ணசர முடிந்தது. கேப் போடும்வரை அந்தப் பக்கம் முறுக்கு, கடலை எதுவும் வேண்டாம். நரம்பு எடுத்த பல் சுலபமாக விரிசல் விடும், கடைவாய்ப்பல்லுக்குக் கேப் போடச் சொல்வதே அதற்காகத்தான்.

இரண்டாவது சிட்டிங்கில் வேரை அடைத்தார், அடுத்த வாரம் கேப் மாட்டினார். மாட்டிய அன்றே வாயை மூடும்போது அந்தப் பல்தான் முதலில் இடித்தது. “பழகிடும்” என்றார். பழகவில்லை. தாடை ஒரு பக்கமாகக் கோணி, காதுக்கு முன்னால் வலிக்க ஆரம்பித்தது. இட்லிகூட வலது பக்கம்தான். திரும்பப் போனபோது அங்கிருந்த ஜூனியர் டாக்டர் அம்மா ஒரு நீலத் தாளைப் பல்லுக்கு நடுவில் வைத்துக் கடிக்கச் சொன்னார். எங்கே உயரமாக இருக்கிறதோ அங்கே மை ஒட்டும். ராவி எடுத்தார், திரும்பக் கடிக்கச் சொன்னார், பக்கவாட்டில் அரைக்கச் சொன்னார், இன்னும் கொஞ்சம் ராவினார். ஐந்தே நிமிடம், காசு கிடையாது. கடித்தால் வரும் வலியில் முக்கால்வாசி இரண்டு மூன்று நாளில் போய்விட்டது. உலகத்திலேயே மலிவான வைத்தியம் அதுதான், அதற்கு நான் மூன்று வாரம் காத்திருந்தேன்! ஃபில்லிங்கோ கேப்போ வைத்ததும் நாற்காலியை விட்டு எழுவதற்கு முன்பே நீலத் தாள் வைத்துப் பாருங்கள் என்று கேளுங்கள். வாய் மரத்திருக்கும்போது உயரம் சரியாகத் தெரியாது. மரப்பு விட்டபின் இடித்தால் மறுநாளே போகலாம், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

மீதிக் கால்வாசி வலிதான் என்னை ஆட்டிவைத்தது. கடித்தால் பெரிதாக ஒன்றும் இல்லை. ஆனால் சூடாக டீ உள்ளே போனால் சற்று நேரம் கழித்து ஆழத்தில் மெல்ல எழும்பும், கால் மணி, அரை மணி நின்றுவிட்டு இறங்கும். வகுப்பில் வாய்ப்பாடு சொல்லிக்கொண்டிருக்கும்போதே வந்துவிடும். பிள்ளைகளிடம் எரிந்து விழுந்தேன், அதுதான் இன்னும் உறுத்துகிறது. திரும்பத் திரும்ப எக்ஸ்ரே எடுத்தார்கள். ஒவ்வொரு தடவையும் “ஃபில்லிங் அழகா நுனிவரைக்கும் போயிருக்கு பாருங்க” என்று காட்டினார்கள். கடைசியில் சைனஸாக இருக்கும் என்று அனுப்பினார்கள். மேல் கடைவாய்ப்பல் வேர்களுக்கு மேலேயே சைனஸ் அறை இருப்பதால் அந்தச் சந்தேகம் நியாயமானதுதான். காது மூக்கு தொண்டை டாக்டர் பார்த்துவிட்டு ஒன்றுமில்லை என்றார். மூக்கில் அடிக்கும் ஸ்பிரே, மாத்திரைகள், ஃபீஸ் என்று இதுவரை வாங்கிய மருந்துகளையும் சேர்த்து 2,500 ரூபாய் போனது. பள்ளியில் எல்லாரும் ஒரே குரலில் பல்லைப் பிடுங்கிவிடு என்றார்கள். நானும் பிடுங்கத் தயாராகிவிட்டேன்.

பிடுங்குவதற்கு முன்னால் ஒரு தடவை இந்த வேலைக்கென்றே படித்தவரிடம் காட்டு என்று சொன்னவர் பையனின் நண்பனுடைய அக்கா, அவரும் பல் மருத்துவம் படித்தவர். பல் மருத்துவப் பட்டப்படிப்பான பிடிஎஸ் முடித்த எல்லாரும் ரூட் கேனால் செய்யலாம், நன்றாகச் செய்கிறவர்களும் நிறையப் பேர் இருக்கிறார்கள். ஆனால் அதற்கு மேல் மூன்று வருடம் எம்டிஎஸ் படிப்பில் கன்சர்வேடிவ் டென்டிஸ்ட்ரி, எண்டோடான்டிக்ஸ் என்று ஒரு பிரிவு இருக்கிறது. தோற்றுப்போன ரூட் கேனால்களைத் திரும்பச் செய்வது இவர்களுடைய அன்றாட வேலை. போர்டில் எம்டிஎஸ் என்று மட்டும் பார்த்து உள்ளே போய்விடாதீர்கள். அது கம்பி கட்டுவதில் எம்டிஎஸ்ஸாகவும் இருக்கலாம். எந்தப் பிரிவு என்று போனிலேயே கேட்டுவிடலாம். எனக்குத் திருச்சி தில்லைநகரில் ஒருவர் கிடைத்தார். குளித்தலை வழியாக இரண்டு மணி நேர பஸ்.

போவதற்கு முன்பு ஒரு வாரம் எழுதி வைக்கச் சொன்னார் அந்த அக்கா. வலி எப்போது வந்தது, எதனால் வந்தது, எவ்வளவு நேரம் நின்றது, எந்த மாத்திரைக்குக் கேட்டது. பிள்ளைகளின் ஹோம்வொர்க் டைரி ஒன்று காலியாகக் கிடந்தது, அதில் எழுதினேன். திருச்சி டாக்டர் வாயைத் திறக்கச் சொல்வதற்கு முன்பு அந்த டைரியைத்தான் படித்தார். வலி எப்படி நடந்துகொள்கிறது என்பதை வைத்தே பாதி தெரிந்துவிடும் என்றார். கடித்துவிட்டு வாயைத் திறக்கும்போது சுளீரென்று வெட்டினால் விரிசலைத் தேட வேண்டும். குனிந்தால் வலி, ஒரு பல் என்றில்லாமல் மேல் வரிசையே கனத்தால் சைனஸ். காலையில் எழும்போது தாடை இறுகிக் கிடந்தால் தூக்கத்தில் பல்லைக் கடிக்கிற பழக்கம் இருக்கலாம். சூட்டுக்கு வந்து நின்று வலித்தால் ஒன்று பக்கத்துப் பல்லின் வேலை, இல்லையென்றால் இந்தப் பல்லுக்குள்ளேயே நரம்பு எங்கோ மிச்சம் இருக்கிறது. எதைத் தொட்டாலும் தொடாவிட்டாலும் நாள் முழுக்க ஒரே மாதிரி எரிச்சல், ஊசி போட்டு மரக்கவைத்தும் சரியாக அடங்கவில்லை என்றால் அது பல் சங்கதியே இல்லாத நரம்பு வலியாக இருக்கலாம். அப்படிப்பட்டவர்களுக்குப் பல்லைப் பிடுங்கினாலும் பிடுங்கிய இடத்தில் வலி தொடரும், அதற்கு அமிட்ரிப்டிலின் மாதிரி மருந்தைக் குறைந்த அளவில் கொடுத்துப் பார்ப்பார்கள் என்று அவர் சொன்னதும் எனக்குக் குளிர்ந்துபோனது. பிடுங்கத் தேதி வாங்கியிருந்தேனே.

பிறகு ஒவ்வொரு பல்லாகக் கண்ணாடிக் காம்பால் தட்டினார். ஈறுக்கும் பல்லுக்கும் நடுவில் மெல்லிய அளவுகோல் விட்டுச் சுற்றிலும் பார்த்தார். ஒரே ஒரு இடத்தில் மட்டும் ஆழமாக இறங்கினால் வேர் பிளந்திருக்க வாய்ப்பு உண்டாம், எனக்கு இறங்கவில்லை. ஒரு குச்சியைக் கடித்துத் திறக்கச் சொன்னார். பக்கத்துப் பற்களில் ஐஸ் மாதிரிக் குளிர்ந்த பஞ்சை வைத்தார், அவை கூசிவிட்டு உடனே அடங்கின, அப்படியென்றால் நல்ல பற்கள். இதில் ஒன்றைக்கூட அதுவரை யாரும் செய்யவில்லை. எக்ஸ்ரேவை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தோம். பிறகு சிபிசிடி ஸ்கேனுக்கு எழுதிக் கொடுத்தார், 2,000 ரூபாய். சாதாரண எக்ஸ்ரேயில் ஒன்றின் பின்னால் ஒன்றாக இருப்பவை ஒன்றாகத் தெரியும், இதில் பல்லைத் துண்டு துண்டாக வெட்டிப் பார்ப்பதுபோலப் பார்க்கலாம்.

ஸ்கேனில் வந்துவிட்டது. மேல் முதல் கடைவாய்ப்பல்லுக்கு மூன்று வேர். ஆனால் கன்னப் பக்கமாக முன்னால் இருக்கும் வேருக்குள் பாதிக்கும் மேற்பட்ட ஆட்களுக்கு இரண்டு கால்வாய், அதாவது நரம்பு ஓடும் மெல்லிய துளை, இருக்கும். இரண்டாவது மிக மெல்லியது, முதல் துளையிலிருந்து அண்ணப் பக்கமாகச் சற்றுத் தள்ளி, பல்லின் மேடு ஒன்றுக்கு அடியில் ஒளிந்திருக்கும். எனக்கு அதைத் தொடவே இல்லை. அந்த வேர் நுனியில் எலும்பு கரைந்து கறுப்பாக ஒரு வட்டம். அதைத் திரையில் பார்த்தபோது எனக்கு அழுகை வந்துவிட்டது, துக்கத்தில் இல்லை. மாதக்கணக்கில் என் வலி கற்பனை இல்லை என்று நிரூபிக்க அலைந்தவளுக்கு அந்தக் கறுப்பு வட்டம் சர்டிஃபிகேட் மாதிரி.

மறுசிகிச்சைக்கு 9,000. கேப்பைக் கழற்றாமலே அதில் துளை போட்டு உள்ளே போகலாம், ஆனால் கேப் உடைய வாய்ப்பு உண்டு, உடைந்தால் புதிது உங்கள் செலவு என்று முன்னாலேயே சொல்லிக் கையெழுத்து வாங்கினார். உடையவில்லை. பல்லைச் சுற்றி ரப்பர் ஷீட் கட்டி, மைக்ராஸ்கோப் வைத்துத் தேடி அந்தக் கால்வாயைப் பிடித்தார். உள்ளே மருந்து வைத்துச் சில வாரம் விட்டு, பிறகு நிரந்தரமாக அடைத்தார். செய்த அன்றும் மறுநாளும் நல்ல வலி, அது வரும் என்று சொல்லியிருந்ததால் பயமில்லை. டீ வலி முதல் சிட்டிங்குக்குப் பிறகு வரவே இல்லை. விரலால் அழுத்தினால் ஏதோ இருக்கிற மாதிரி ஒரு மந்தம் மட்டும் தீபாவளிவரை இழுத்தது. எலும்பு ஆற ஆறு மாதமும் ஆகலாம், ஒரு வருடத்துக்கு மேலும் ஆகலாம், அதனால் அவசரப்பட்டு மாதாமாதம் எக்ஸ்ரே எடுக்க வேண்டாம் என்றார். ஆறு மாதம் கழித்து எடுத்ததில் கறுப்பு வட்டம் சுருங்கியிருந்தது.

முதலில் பார்த்த டாக்டரிடம் ஸ்கேனைக் கொண்டுபோய்க் காட்டினேன். சண்டை போட மனம் இல்லை, வெறும் எக்ஸ்ரேயை வைத்து அந்தக் கால்வாயைக் கண்டுபிடிப்பது கஷ்டம் என்று திருச்சி டாக்டரே சொல்லியிருந்தார். வைத்தியத்தில் தவறிப்போவதை என்னால் ஏற்றுக்கொள்ள முடிகிறது. “வலிக்காது” என்று சொல்லி அனுப்பியதைத்தான் முடியவில்லை, அதை முகத்துக்கு நேராகச் சொன்னேன். கேப் காசில் பாதியைத் திருப்பித் தருவதாகச் சொன்னார், இதுவரை வரவில்லை.

பணம் முடையாக இருப்பவர்களுக்கு: என் ஹெல்த் இன்ஷூரன்ஸில் இதில் ஒரு பைசா கிடைக்கவில்லை. அட்மிட் ஆகாமல் செய்யும் பல் வைத்தியத்துக்குப் பெரும்பாலான பாலிசிகள் தருவதில்லை. சென்னையில் அரசு பல் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. மற்ற ஊர்க்காரர்கள் பக்கத்தில் இருக்கும் அரசு அல்லது தனியார் பல் மருத்துவக் கல்லூரியில் கேட்டுப் பார்க்கலாம், எம்டிஎஸ் படிக்கும் மாணவர்கள் பேராசிரியர் மேற்பார்வையில் செய்வார்கள், வெளி ரேட்டைவிட நன்றாகக் குறையும், காத்திருக்கத்தான் வேண்டும். எங்கே போனாலும் எத்தனை கால்வாய் கிடைத்தது என்று கேட்டு எழுதி வாங்குங்கள், எக்ஸ்ரேயை வாட்ஸ்ஆப்பில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். என்னிடம் பழைய எக்ஸ்ரே இல்லாததால் திருச்சியில் திரும்ப எடுக்க வேண்டிவந்தது.

இதுவரை சொன்னது நின்று நிதானித்துப் பார்க்கக்கூடிய வலிக்கு. கன்னம் வீங்கி, வீக்கம் கண் பக்கமோ கழுத்துப் பக்கமோ பரவினால், வாய் திறக்க முடியாமல் போனால், விழுங்கவோ மூச்சு விடவோ சிரமமானால், குளிரோடு காய்ச்சல் வந்தால் டைரியும் வேண்டாம், மறுநாள் அப்பாயின்ட்மென்ட்டும் வேண்டாம். ராத்திரியானாலும் பெரிய ஆஸ்பத்திரி அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள். வீங்கின இடத்தில் வெந்நீர் ஒத்தடம் கொடுக்கவே கொடுக்காதீர்கள்.